சித்தி சொன்ன ‘போறோம்’

என் சித்திக்கு மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் தெரியாது. வாயைத் திறந்தால்தான் தெரியும். பல் செட் செய்யும் லேப் ஒன்றில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர் கொட்டாவி விட்டால் போதும், என் காதருகே குனிந்து, "மேல் வரிசை நம்ம லேபுது. கீழ் வரிசை வேற யாரோ கெடுத்தது" என்பாள். ஒருமுறை பேப்பரில் ஒரு மரண அறிவிப்பில் பல் தெரியச் சிரிக்கிற படத்தைப் பார்த்துவிட்டு, "அடப்பாவமே, போன மாசம்தான் செட் குடுத்தோம், பழகறதுக்குள்ள போயிட்டாரே" என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள். செத்தவருக்காக அல்ல, செட்டுக்காக.

டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். சித்தி அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றுவாள். இறுகியதும் பிரித்தால் யாரோ ஒருவரின் ஈறு வெள்ளை வெளேரென்று கைக்கு வரும். அதன்மேல் இளஞ்சிவப்பு மெழுகால் கரை கட்டி, சின்னக் கத்தியைத் தீயில் காட்டிக் காட்டி, ஒவ்வொரு பல்லாக நடுவாள். ஒரு பல்லை மூன்று தடவையாவது திருப்பிப் பார்க்காமல் நட்டதில்லை. டாக்டர் போட்டுப் பார்த்துச் சரி என்று திருப்பி அனுப்பினால், மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் பிளாஸ்டிக்கை ஏற்றி, பாலிஷுக்குத் தள்ளுவாள். லேபில் மொத்தமே மூன்று பேர்தான். முன்னறையில் உட்கார்ந்து போனில் டாக்டர்களிடம் குழைகிற முதலாளி, சித்தி, பாலிஷ்காரர். பாலிஷ்காரருக்கு மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது, இடுப்புவலி வந்து பத்து வருஷம் ஆகிறது. பன்னிரண்டு வருஷமாகச் சித்தியை அவர் "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுகிறார். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீடு என்றால் பெரியம்மாவின் வீடு. பெரியம்மா, என் அம்மா, சித்தி மூவரும் அக்கா தங்கைகள். நான் எட்டாவது படிக்கும்போது அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். நானும் அம்மாவும் மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தோம். சித்தி ஏற்கெனவே இங்கேதான் இருந்தாள். அவளுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்குப் பெரியம்மாவிடம் ஒரு கதை, அம்மாவிடம் ஒரு கதை, பெரியப்பாவிடம் ஒரு கதை. சித்தியைக் கேட்டால், "யாரும் கேக்கல, நானும் ஞாபகப்படுத்தல" என்பாள். வயது ஐம்பத்தொன்று.

ஓர் அறையில் எங்களுக்கு மூன்று கட்டில். சன்னலோரம் நான், கதவோரம் அம்மா, நடுவில் சித்தி. அம்மாவுக்குக் குறட்டை. எனக்குத் தூக்கத்தில் கால் போடுகிற பழக்கம், பக்கத்துக் கட்டில் வரைக்கும் எட்டும். நாங்கள் வருவதற்கு முன்னால் அந்த அறையில் பெரியம்மாவின் மாமியார். அதற்கும் முன்னால் சின்ன வயதில் அக்காக்கள் இரண்டு பேருக்கும் நடுவே. சித்தி ஜென்மத்தில் ஓர் அறையில் தனியாகப் படுத்தது குடல்வால் ஆபரேஷன் நடந்த அன்றுதான். அந்த ஆபரேஷனைப் பற்றிச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். "எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா" என்பாள்.

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். எங்கள் வீட்டில் 'நாம' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: சித்தி. பெரியம்மா, "மாடியில காயற துணிய நாம எடுத்துட்டோமா?" என்று கேட்டால் சித்தி மாடிப்படி ஏறுவாள். பெரியப்பா, "நாம கரென்ட் பில் கட்டிட்டோமா?" என்றால் சித்தி செருப்பைத் தேடுவாள். நான் மட்டும் யோக்கியமா? "சித்தி, என் சட்டைக்கு நாம பொத்தான் தச்சுட்டோமா?" என்று வாய் கூசாமல் கேட்டிருக்கிறேன். கேட்டுக் கேட்டு அவளும் அந்தப் பாஷைக்கே பழகிப்போனாள். "இன்னைக்கு நமக்குத் தலை வலிக்குது" என்பாள். யாருக்கு என்று ஆளாளுக்குத் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வோம்.

இப்படிப்பட்டவள் ஒருநாள் மதியம் நான் வேலை செய்யும் கூரியர் ஆபீஸுக்கு வந்து, கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு பத்திரிகைத் தாளை எடுத்துக் கவுன்டர் மேல் வைத்தாள். ஏதோ ஒரு கிளினிக்கில் காத்திருக்கிறவர்களுக்காகப் போட்டிருந்த பத்திரிகையிலிருந்து கிழித்திருக்கிறாள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு பொட்டு மெழுகைக்கூட லேபிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவராத ஆள். தாளில் நீலநீலமாகக் கடல், நடுநடுவே பச்சைப் பொட்டுகள். ஒரு தீவு நாட்டைப் பற்றிய கட்டுரை.

"ஆயிரத்துச் சொச்சம் தீவாம்டி. ஆளுங்க குடியிருக்கறது எரநூறுலதானாம்."

"சரி, அதுக்கென்ன?"

"மிச்சமெல்லாம் சும்மாவே இருக்கு."

அந்தச் 'சும்மாவே'யை அவள் சொன்ன விதம் என்னை என்னவோ செய்தது. நான் பார்சலுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதை நிறுத்தினேன். அவளுக்கு அங்கே போகவேண்டும். ஒன்பது நாள். தனியாக. "அங்க போயி என்ன பண்ணுவ சித்தி?" என்று கேட்டேன். "ஒண்ணும் பண்ணமாட்டேன். அதுக்கு ஒன்பது நாள் பத்துமான்னுதான் தெரியல" என்றாள். இதைவிட நல்ல சுற்றுலாத் திட்டத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

ஒரு மாதம் மதியச் சாப்பாட்டு நேரங்களில் ரகசியமாகத் திட்டம் போட்டோம். சின்னத் தீவு ஒன்றில், சின்ன விடுதியில், கடலைப் பார்த்த ஓர் அறை கிடைத்தது. என் போனில் பதிவு செய்தோம். எத்தனை பேர் என்ற கட்டத்தில் அதுவாகவே 'இரண்டு' என்று இருந்தது. உலகமே ஜோடி ஜோடியாகத்தான் கடல் பார்க்கும் என்று அந்தக் கட்டத்துக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். குறைக்கிற பொத்தானைத் தானே அழுத்துவதாகச் சித்தி சொன்னாள். விரல் நுனியில் பிளாஸ்டர் காய்ந்திருந்ததால் போனுக்கு அவள் விரல் தெரியவில்லை. துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். 'ஒன்று' ஆனது.

"ஒத்துக்குச்சா?" என்றாள்.

"ஒத்துக்கிச்சு."

"ஏன்னு கேக்கலையே?"

"போன் எதுக்குக் கேக்கப்போகுது?"

விமான டிக்கெட் ஆயிற்று, முதலாளியிடம் லீவும் ஆயிற்று. பாக்கி வீடுதான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, இரண்டு நாள் ஒத்திகை பார்த்தோம். "பதினேழாம் தேதி நான் ஒரு ஒன்பது நாள் தீவுக்குப் போறேன்." இவ்வளவுதான் வசனம். ஒவ்வொரு தடவையும் 'நான்' மட்டும் காணாமல் போனது.

"நான்ங்கறத ஏன் சித்தி முழுங்கற?"

"அது இல்லாமயே சொல்லலாமே. போறேன்னா நான்தானே?"

"சொல்லலாம். இருந்தாலும் சொல்லு."

"நான்" என்றாள். யாரோ பல்லைப் பிடுங்க வந்ததுபோல வாயை உடனே மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். சித்தி பரிமாறி முடித்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தொண்டையைக் கனைத்தாள். நான் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். அவள் நிமிர்ந்து, கணீரென்ற குரலில் சொன்னாள்: "பதினேழாம் தேதி ஒரு ஒன்பது நாள் தீவுக்குப் போறோம்."

போறோம்! நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஐம்பத்தொரு வருஷப் பழக்கம் இரண்டு நாள் ஒத்திகையை வாயோரம் வைத்துக் கடித்துத் துப்பிவிட்டது.

"போறோமா!" என்று பெரியப்பா எழுந்தே விட்டார். பஸ் கம்பெனியில் முப்பது வருஷம் டைம்டேபிள் போட்டு ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்றதிலிருந்து போடுவதற்கு டைம்டேபிள் இல்லாமல் வாடிப்போயிருந்தார். கை கழுவினாரோ இல்லையோ, பேப்பரும் அடிக்கோலுமாக வந்து உட்கார்ந்தார். பெரியம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "பாத்தீங்களா, வாய் தொறக்கமாட்டா, ஆனா நம்ம எல்லாரையும் கூட்டிட்டுப் போகணும்னு மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்கா" என்று தங்கையின் கன்னத்தைக் கிள்ளினாள். சித்தி வாயைத் திறந்தாள். பெரியம்மாவின் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து மூடிக்கொண்டாள். நான் மட்டும் என்ன செய்தேன்? நமத்துப்போன அப்பளம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் டைம்டேபிள் தயார். 5.15 எழுதல். 5.40 சூரிய உதயம் (தாமதம் அதிகபட்சம் பத்து நிமிஷம் அனுமதிக்கப்படும்). 6.30 கடல் பார்த்தல். 7.00 கடல் பார்த்தல் முடிவு. ஒரு நாளைக்கு ஐந்து தீவு வீதம் ஒன்பது நாளைக்கு நாற்பத்தைந்து தீவு. "சும்மா இருக்கற தீவுங்களையும் சேத்துட்டேன்" என்றார் பெருமையாக. பெரியம்மா மூட்டைக் கணக்கில் இறங்கினாள். குக்கர், கொடிக்கயிறு, தலைவலித் தைலம், கரண்டி ஐந்து, பெட்டிக்கு அடியில் விரிக்கப் பழைய பேப்பர். "கயிற நாம எடுத்து வச்சிட்டோமா?" என்று அவள் கேட்க, சித்தி தன் ஒன்பது நாள் தனிமைக்குள் கொடிக்கயிற்றைத் தானே சுருட்டி வைத்தாள். அம்மாவுக்கு ஒரே கவலை.

"கடலுக்கும் ரூமுக்கும் எவ்ளோ தூரம்?"

"கிட்டதான்கா."

"கொஞ்சம் உள்ள தள்ளி ரூம் கெடைக்காதா?"

"உள்ள தள்ளினா அந்தப் பக்கக் கடல் வந்துடும்கா."

சனிக்கிழமை எல்லோருக்கும் டிக்கெட் போட்டுவிடுவதாகப் பெரியப்பா அறிவித்தார். சித்தி ஒவ்வொரு நாளும், இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று காலையில் என்னிடம் சொல்லிவிட்டுப் போவாள், சாயங்காலம் கயிறோ கரண்டியோ எடுத்து வைப்பாள். லேபில் ஒரு செட்டில் இடது கோரைப்பல்லை வலது பக்கமும் வலதை இடது பக்கமும் நட்டுவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. பாலிஷ்காரர் அந்த மெழுகுச் செட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "சிஸ்டர், இத மாட்டிக்கிட்டு ஆளு சிரிச்சா பேரப்பிள்ளைங்க பயந்துடும்" என்றாராம். சித்தி அழுதுவிட்டாள். அழுதுகொண்டே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஐந்து பேரின் பிறந்த தேதியையும் வரிசையாக எழுத ஆரம்பித்தார். சித்தி சுவரோடு சுவராக நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"பெரியப்பா, சித்தி 'நாம'ன்னு சொல்லவே இல்ல. 'போறோம்'னுதான் சொன்னா."

"அதுல என்ன வித்தியாசம்?" என்றாள் பெரியம்மா.

"'நாங்க போறோம்'னும் இருக்கலாம்ல?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே புரிந்தது. பெரியப்பாவின் பேனா நின்றது. அம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். பெரியம்மா மெதுவாகத் தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"நாங்கன்னா... நீயும், வேற யாரு?"

"யாரும் இல்லக்கா. ஐயோ, வாய் தவறி வந்துடுச்சு. போறேன்னுதான் சொல்ல வந்தேன். தனியாத்தான் போறேன்."

இதைத்தான் யாரும் நம்பவில்லை. "தனியாவா?" என்று அம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "டாக்டர் என்ன சொன்னாரு? அக்காகிட்ட எதுக்குடி மறைக்கற? எத்தன மாசம் சொன்னாங்க?" பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தனியாகக் கடலுக்குப் போகிறவர்கள் எதற்காகப் போவார்கள் என்று தனக்குத் தெரியும் என்றார். அவருடைய பஸ் கம்பெனியில் ஒரு கண்டக்டர் அப்படிப் போனாராம், பேப்பரில் வந்ததாம். பெரியம்மா இரண்டு பேரையும் கையமர்த்தினாள். "வியாதியும் இல்ல, வெங்காயமும் இல்ல. ஆள் இருக்கு" என்றாள்.

எங்கள் வீட்டாரின் அறிவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஒரு பெண் சாகப் போகலாம், ஆளோடு போகலாம். சும்மா போவாள் என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை பெரியம்மா கடைவாய்ப் பல் ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டு லேபுக்கே போய்விட்டாள். சித்தி வெளியே ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தாள். முதலாளி போனில் குழைந்துகொண்டிருந்தார். பாலிஷ்காரர் மாட்டினார். நடந்ததை அவரே எனக்குச் சொன்னார்.

"உங்களுக்குக் கடல் பிடிக்குமா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டாளாம்.

"வாந்தி வரும்மா."

"மாத்திர போட்டா?"

"மாத்திர போட்டா தூக்கம் வரும்."

"குடிப்பீங்களா?"

"காபி குடிப்பேன்."

"எங்க தங்கச்சியப் பத்தி என்ன நெனைக்கறீங்க?"

"சிஸ்டர் மாதிரி பல் கட்ட இந்த ஊர்லயே ஆள் கெடையாதும்மா."

பெரியம்மா ஜெயித்துவிட்ட முகத்தோடு வீட்டுக்கு வந்தாள். "வெளிய சிஸ்டர்ங்கறாரு. எவ்ளோ உஷாரு பாரு!" என்றாள். "ஆள் மோசமில்ல. இடுப்புதான் கொஞ்சம் கோணல். ஞாயித்துக்கெழம சாப்பிட வரச் சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். "நாங்க ஒண்ணும் பழைய காலத்து ஆளுங்க இல்ல" என்று பெரியப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார். "போயிட்டு வந்து ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம், இந்த வயசுல முன்னப்பின்ன ஆனா என்ன" என்றாள் பெரியம்மா. கழுத்தில் லேஸ் வைத்த ஒரு புது நைட்டியை வாங்கிவந்து சித்தியின் கட்டில் மேல் வைத்தாள். குக்கரும் கயிறும் மூட்டையிலிருந்து இறங்கின. டைம்டேபிளைப் பெரியப்பா இரண்டு பேருக்கு மாற்றிப் போட்டார். இப்போது 5.15 எழுதல் இல்லை. 'சௌகரியப்படி எழுதல்' என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தார்.

பாலிஷ்காரரும் தங்கமான மனிதர். "சிஸ்டர், வேணும்னா என் பேரச் சொல்லிட்டுப் போயிட்டு வாங்க. அந்த ஒன்பது நாளும் நான் எங்க பொண்ணு வீட்ல போயி இருந்துக்கறேன். உங்க வீட்டு ஆளுங்க கண்ல படமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அதைச் சித்தி கூரியர் ஆபீஸுக்கு வந்து என்னிடம் சொன்னாள்.

"பேசாம ஆமான்னு தலையாட்டிட்டுப் போயிடு சித்தி" என்றேன். "திரும்பி வந்து, அங்க ரெண்டு பேருக்கும் சண்டைன்னு சொல்லிக்கலாம்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள். கவுன்டரில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். "ஆனா யோசிச்சுப் பாரு. நான் அங்க போயி உக்காந்திருப்பேன். இங்க இவங்க எல்லாரும் என் பக்கத்துல அவரயும் கொண்டுபோயி உக்கார வச்சிருப்பாங்க. அப்புறம் நான் எங்கடி தனியா இருக்கறது?"

ஒரு வாடிக்கையாளர் கனமான பார்சலோடு வந்து நின்றார், அதை நிறுத்துப் பார்க்கும் வேலையில் தப்பித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாலிஷ்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பெரியம்மா அவருக்கு மின்விசிறிக்குக் கீழே இடம் போட்டு, இடுப்புக்குத் தலையணை வைத்தாள். பெரியப்பா மாற்றிய டைம்டேபிளை அவர் கையில் கொடுத்தார். பாலிஷ்காரர் அதைப் பிடித்துக்கொண்டு சித்தியைப் பார்த்தார், சித்தி தட்டைப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் அங்க போனதும் ஒரு போன் போட்டுடுங்க, போதும். இங்கேருந்து யாரும் தொந்தரவே பண்ணமாட்டாங்க" என்றாள் அம்மா வெட்கத்தோடு. என் அம்மா வெட்கப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சித்தி தண்ணீர் குடித்தாள். தொண்டையைக் கனைத்தாள். நான் இந்தத் தடவை யார் காலையும் மிதிக்கவில்லை.

"நான் போறேன்" என்றாள்.

"அதான் தெரியுமே, ரெண்டு பேரும்..." என்று ஆரம்பித்தாள் பெரியம்மா.

"நான். நான் மட்டும் போறேன். வியாதி இல்ல. சாகப் போகல. இவரு வரல, இவருக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல, இவரு பாவம் வாந்தி எடுக்கற மனுஷன். எனக்குத் தனியா இருக்கணும்கா. ஒரு ரூம்ல, பக்கத்துல யாரும் மூச்சு விடாம, ஒரு ஒன்பது நாள். உங்க மேல கோவம் இல்ல. உங்ககிட்டேருந்து கொஞ்சம் தள்ளி இருக்கணும், அவ்ளோதான்."

"அப்ப இவரு?" என்றார் பெரியப்பா, பாலிஷ்காரரைக் காட்டி.

"நான் சாப்பிட வந்தேன்" என்றார் பாலிஷ்காரர்.

யாரும் சிரிக்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் நான் உருண்டு புரண்டு சிரித்திருப்பேன். பெரியம்மா கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நாங்க?" என்றாள்.

அந்த வீட்டில் சித்தியின் முகத்துக்கு நேராக 'நாங்க' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எப்போதும் 'நாம'தான். எத்தனை வேலையை ஏற்றினாலும் அந்தச் சொல்லுக்குள் அவளுக்கும் ஓர் இடம் இருந்தது. இப்போது நாங்கள் நாலு பேர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அவள் கேட்டது அதைத்தான். ஆனாலும் அவள் கண் நிறைந்து வழிந்தது. 'சரி, விடுங்க, எல்லாரும் போவோம்' என்று அவள் சொல்லிவிடப் போகிறாள் என்றே நினைத்தேன். சொல்லியிருந்தால் பெரியப்பா அடுத்த நிமிஷமே அடிக்கோலை எடுத்திருப்பார்.

சித்தி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

"நீங்க இங்க இருங்கக்கா. ஒன்பது நாள் நான் இல்லாம இருங்க" என்றாள். "நான் வந்துடுவேன்."

பெரியம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாலிஷ்காரர், நிம்மதியிலா பயத்திலா தெரியவில்லை, இன்னொரு தடவை சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பதினேழாம் தேதி சித்தி கிளம்பினாள். பத்து நாளாகப் பெரியம்மா அவளோடு பேசவில்லை. பேசவேண்டியதை எல்லாம் என் வழியாகச் சொன்னாள். "பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டாளான்னு கேளு." "தைலம் பெட்டிக்குள்ள இருக்குன்னு சொல்லு." சித்தி இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். நான் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்வேன். விமான நிலையத்துக்கு நான் மட்டும்தான் போனேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் திரும்பிப் பார்த்துக் கையாட்டுவாள் என்று நின்றேன். பெட்டியின் சக்கரம் ஏதோ இடக்கு பண்ணியது, அதைக் குனிந்து சரிசெய்துகொண்டு அப்படியே போய்விட்டாள்.

'வந்து சேந்துட்டேன்' என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதோடு சரி. இரண்டாம் நாள் வரவில்லை, மூன்றாம் நாளும் நாலாம் நாளும் வரவில்லை. நாமாகப் போன் போடக்கூடாது என்று பெரியம்மா சட்டம் போட்டிருந்தாள். ஐந்தாம் நாள் சாப்பாடு முடிந்ததும் அவளே, "போட்டுத்தான் பாரேன், லைன் கெடைக்குதான்னு" என்றாள். ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தேன். நாலு பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். உடனே கிடைத்தது.

"சாப்டியா?" என்றாள் பெரியம்மா. பதினைந்து நாளைக்குப் பிறகு தங்கையிடம் பேசிய முதல் சொல் அதுதான்.

"சாப்டேன்கா."

"என்ன பண்ணிட்டிருக்க?"

"உக்காந்திருக்கேன்."

"எங்க?"

"ரூம் வாசல்ல."

பின்னால் அலை அடிக்கிற சத்தம் கேட்டது. அம்மா நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பெரியப்பா, எத்தனை தீவு ஆயிற்று என்று கேட்டார். "ஒண்ணுதான் மாமா, இதேதான்" என்று பதில் வந்தது. பெரியம்மா போனை அருகில் இழுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"எங்க ஞாபகம் வருதாடி உனக்கு?"

சித்தி உடனே பதில் சொல்லவில்லை. கேட்டதற்காக ஆமாம் என்று சொல்லிவைக்கிற ஆள் இல்லை அவள். திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வைப்பாள். நாங்கள் அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"இன்னும் வரலக்கா" என்றாள். பிறகு எங்களைத் தேற்றுகிற மாதிரி, "இன்னும் நாலு நாள் இருக்குல்ல, பாக்கலாம்" என்றாள்.

பெரியப்பா கூரையைப் பார்த்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கூடவே ரோஷமும் வந்தது. பொத்தானை அழுத்தச் சொல்லிக்கொடுத்தவள் நான், என் ஞாபகமும் வரவில்லையாமே. பெரியம்மா இப்போது வெடிக்கப்போகிறாள் என்று எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தோம்.

"சரி" என்றாள் பெரியம்மா. "அவசரமில்ல. மெதுவா வரட்டும்."

போனை என் பக்கம் தள்ளினாள். நான் ஏதோ பேச வாயெடுத்தேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"வச்சிடு. அவ உக்காந்திருக்கா."